ஆட்டுக்குக் குளம்பு வெட்டினீங்களா?



டாப் செங்காட்டுப்பட்டியில் நடந்த ஒரு குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் தவணை எல்லாம் நோட்டில் ஏற்றி முடித்த பிறகு, ஒரு தங்கச்சி தன் செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள். டவுனில் ஒரு கடை. மேஜை மேல் ஒரு வெள்ளை நாய்க்குட்டி நிற்கிறது. கையுறை போட்ட ஒரு பெண் அதன் நகத்தை ஒவ்வொன்றாக வெட்டி, அரத்தால் தேய்த்து, குளிப்பாட்டி, முடியைச் சீவி அனுப்புகிறாள். அதற்குக் கூலி எவ்வளவு தெரியுமா என்று அவள் சொன்னதும் எல்லோரும் சிரித்துவிட்டோம். நம்ம மலையில் இரண்டு நாள் களையெடுத்தால்தான் அந்தப் பணம் கிடைக்கும்.

சிரிப்பு அடங்கின பிறகு ஒரு வயசான அக்கா கேட்டார்: "நாய்க்கு வெட்ட ஆள் இருக்குது சரி, நம்ம ஆட்டுக்கு யாரு வெட்டுறது?"

ஆட்டுக்கு எதுக்கு வெட்டணும் என்று பாதிப்பேர் கேட்டார்கள். அதனால்தான் இந்த மாதப் பாடமாக இதை எடுத்துக்கொண்டோம்.

முதலில் நாங்கள் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறோம். வண்ணாடு பக்கம் ஒரு சகோதரி உள்கடன் வாங்கி நான்கு பெட்டை வெள்ளாடு பிடித்தார். பக்கத்துக் காடெல்லாம் மரவள்ளி. ஆட்டை அவிழ்த்துவிட்டால் அடுத்தவர் காட்டில் வாய் வைக்கும், சண்டை வரும். அதோடு பச்சை மரவள்ளி இலையையும் கிழங்குத் தோலையும் அதிகமாகத் தின்றால் அதிலுள்ள விஷத்தில் ஆடே செத்துப்போகும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் பலா மரத்தடியில் கட்டிப்போட்டே தழை ஒடித்துப் போட்டு வளர்த்தார். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொட்டடி முழுக்க சொதசொதவென்று ஆகிவிட்டது. தை மாதம் பார்த்தால் ஒரு ஆட்டின் முன்னங்கால் குளம்பு செருப்பு நுனி மாதிரி வளைந்து மேலே திரும்பியிருந்தது. ஆடு நொண்டியது. அப்புறம் முட்டிபோட்டுத் தின்ன ஆரம்பித்தது. சரியாகத் தின்னாததால் பால் குறைந்து, குட்டி இரண்டும் வத்திப்போயின.

கடன் எப்படிப் போகிறது என்று பார்க்க நாங்கள் அந்த வீட்டுக்கு இரண்டு தடவை போனோம். ஆட்டையும் பார்த்தோம். படிவத்தில் "ஆடுகள் உள்ளன" என்று டிக் போட்டுவிட்டு வந்தோம். காலைக் குனிந்து பார்க்கவில்லை.

தவணை நெருங்கியதும் அடிவாரத்திலிருந்து வந்த வியாபாரியிடம் அந்த ஆட்டை விற்றார். "கால் போன ஆடும்மா, கறிக்குத்தான் ஆகும்" என்று சொல்லி மூன்றில் ஒரு பங்கு விலையைக் குறைத்துவிட்டார் வியாபாரி. அவர் அன்று சாயங்காலமே குளம்பை வெட்டிச் சரிசெய்து, கொஞ்ச நாள் வைத்திருந்து நல்ல விலைக்கு விற்றதாகப் பிறகு கேள்விப்பட்டோம். அந்த ஆட்டுக்கு நோய் ஒன்றும் இல்லை. நகம் வளர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

வியாபாரிமேல் கோபப்பட்டு என்ன பிரயோஜனம்? அவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை.

குளம்பு என்பது என்ன?

நம்ம நகம் எதனால் ஆனதோ, ஆட்டின் குளம்பு ஓடும் அதே பொருளால்தான் ஆனது. கொம்பும் அப்படித்தான். நகம் மாதிரியே அது நிற்காமல் வளரும். ஒவ்வொரு காலிலும் இரண்டு விரல், அதனால் இரண்டு பிளவு. வெளியே சுற்றியிருக்கும் கெட்டியான ஓடு சுவர் மாதிரி. நடுவில் இருப்பது அடிப்பாதம், அது கொஞ்சம் மெத்து. பின்னால் குதிகால். ஓட்டுக்கு உள்ளே ரத்த ஓட்டமும் உணர்ச்சியும் இருக்கிறது. ஓட்டை மட்டும் வெட்டினால் வலிக்காது, உள்ளே பட்டால் ரத்தம் வரும். நம்ம நகத்தை ஒட்ட வெட்டினால் எப்படி இருக்குமோ அப்படி.

நம்ம பாட்டி காலத்தில் இதை யாரும் வெட்டவில்லையே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அப்போது ஆடு நாள் முழுக்கப் பாறையிலும் சரளைக் கல்லிலும் ஏறி இறங்கியது. பாறையே அரம். வளர வளரத் தேய்ந்துவிடும். இன்றைக்கும் கரடு மேடெல்லாம் சுற்றி மேய்கிற ஆட்டுக்கு அதிகமாக வெட்ட வேண்டியிருக்காது. கட்டிப்போட்டு வளர்க்கிற ஆட்டுக்கும், பரண் கொட்டகையில் நிற்கிற ஆட்டுக்கும், ஈர மண்ணிலேயே நிற்கிற ஆட்டுக்கும் தேய வழி இல்லை. 2011-ல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆடு என்று பெண்கள் பெயரில் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஆடு வளர்க்க வந்தவர்கள் நிறையப்பேர் வீட்டோடு கட்டி வளர்ப்பவர்கள்தான். வளர்க்கிற முறை மாறிவிட்டது, ஆனால் குளம்பைப் பார்க்கிற பழக்கம் இன்னும் வரவில்லை.

ஓடு நீளமானால் அது உள்பக்கம் மடங்கி அடிப்பாதத்தை மூடிக்கொள்ளும். அந்த இடுக்கில் சாணமும் சேறும் போய் அடைந்துகொள்ளும். காற்றுப் படாத ஈரத்தில் கிருமி வளரும். முதலில் விரலிடுக்கு சிவந்து முடி உதிரும். பிறகு ஓடு அடியிலிருந்து பிரிந்து, ஒரு மாதிரி கெட்ட நாற்றம் அடிக்கும். இதுதான் குளம்பு அழுகல். இது ஒரு ஆட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும். கொட்டடியில் நான்கு ஆடு இருந்தால் நான்கும் நொண்டலாம்.

எப்போது வெட்டுவது?

கட்டி வளர்க்கிற ஆட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை காலைத் தூக்கிப் பாருங்கள். வளர்ந்திருந்தால் வெட்டுங்கள், இல்லையென்றால் சும்மா விட்டுவிடுங்கள். வெயில் காலத்தில் குளம்பு கல் மாதிரி இருக்கும். மழை பெய்து ஒன்றிரண்டு நாளில், அல்லது விடியற்காலைப் பனிப் புல்லில் மேய்ந்து வந்த பிறகு வெட்டினால் மெத்தென்று வெட்டுப்படும். சினை ஆட்டைக் கடைசி ஒன்றரை மாதத்தில் போட்டுப் பிடித்து இழுக்க வேண்டாம். ஆட்டுக்கு ஐந்து மாதச் சினை. அதனால் மூன்று மாதம் முடிவதற்குள் வெட்டிவிட்டால் குட்டி போட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எவ்வளவு வெட்டுவது என்று பயப்படாதீர்கள். உங்கள் கொட்டடியிலேயே அளவு இருக்கிறது. ஒரு மாதக் குட்டியின் காலைத் தூக்கிப் பாருங்கள். அடி தட்டையாக, மேலே முடி முடிகிற கோட்டுக்கு இணையாக இருக்கும். பெரிய ஆட்டின் காலையும் அந்த அளவுக்குக் கொண்டுவந்தால் போதும்.

எப்படி வெட்டுவது?

வேண்டிய சாமான் அதிகம் இல்லை. செடிக்குக் கவாத்து செய்கிற கத்தரி ஒன்று, சின்ன அரம் ஒன்று, ஒரு குச்சி, பழைய சுத்தமான துணி, டெட்டால் கலந்த தண்ணீர், டிஞ்சர் அயோடின் ஒரு பாட்டில். அரிவாளால் செதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். கை பழகினவர்கள் செய்யட்டும், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அரிவாள் வேண்டாம். ஆடு ஒரு உதறு உதறினால் நம்ம விரல் போய்விடும். எந்தக் கத்தியாக இருந்தாலும் முனை நம்ம பக்கம் வரக்கூடாது.

ஆட்டை நிற்கவைத்தே வெட்டலாம். தலைக்கயிற்றை மரத்தில் குட்டையாகக் கட்டி, முன்னால் கொஞ்சம் அகத்திக் கீரையோ கொடுக்காப்புளித் தழையோ தொங்கவிடுங்கள். ஒருவர் ஆட்டைத் தன் காலோடு அணைத்துப் பிடிக்க, இன்னொருவர் வெட்டலாம். முன்னங்காலை முட்டியில் மடக்கித் தூக்குங்கள். பின்னங்காலைப் பின்பக்கமாக, அதிக உயரம் இழுக்காமல் தூக்குங்கள். பக்கவாட்டில் முறுக்கினால் வலிக்கும், அதனால்தான் உதைக்கும்.

குச்சியால் இடுக்கிலுள்ள சேற்றைச் சுரண்டி எடுங்கள். இதைச் செய்தாலே பாதி வேலை முடிந்தது. சில சமயம் உள்ளே ஒரு முள்ளோ கல்லோ மாட்டியிருக்கும், நொண்டுவதற்குக் காரணமே அதுவாக இருக்கும். பிறகு உள்ளே மடங்கியிருக்கிற ஓட்டை, குதிகால் பக்கமிருந்து நுனியை நோக்கி, அடிப்பாதத்துக்குச் சமமாக வெட்டிக்கொண்டு வாருங்கள். நீண்டிருக்கிற நுனியை வெட்டுங்கள். குதிகால் புடைத்திருந்தால் லேசாகச் சீவுங்கள். இரண்டு விரலும் ஒரே உயரத்தில் இருக்கவேண்டும். கடைசியில் அரத்தால் இரண்டு இழுப்பு.

அடிப்பாதத்தைச் சீவும்போது வெற்றிலை கனத்துக்கு மெல்லிசாகச் சீவுங்கள். வெள்ளையாக வரும். இளஞ்சிவப்பு தெரிந்த உடனே நிறுத்திவிட வேண்டும். ரொம்ப நாள் வெட்டாமல் விட்டுப்போன குளம்பை ஒரே நாளில் அழகாக்க நினைக்காதீர்கள். அதில் உள்சதையும் நீண்டிருக்கும். கொஞ்சம் வெட்டிவிட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னும் கொஞ்சம் வெட்டுங்கள்.

ரத்தம் வந்தால் பதற்றப்பட வேண்டாம். துணியை வைத்து ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், டிஞ்சர் வையுங்கள், இரண்டு நாள் காய்ந்த இடத்தில் கட்டுங்கள். ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், புழு வைத்துவிட்டால் வேலை பெரிசாகும். எங்கள் முதல் பயிற்சியில் எல்லோருக்கும் முன்னால் நாங்கள் வெட்டிக் காட்டிய முதல் காலிலேயே ரத்தம் வந்துவிட்டது. படித்துவிட்டு வந்த கை! பக்கத்தில் நின்ற அக்கா ஒருவர் கத்தரியை வாங்கி மீதி மூன்று காலையும் அவரே வெட்டினார். அதற்குப் பிறகு பயிற்சி கொடுப்பதும் அவர்தான்.

ஒரு ஆட்டை முடித்து அடுத்த ஆட்டுக்குப் போவதற்கு முன் கத்தரியை டெட்டால் தண்ணீரில் கழுவுங்கள். நொண்டுகிற ஆட்டைக் கடைசியில் எடுங்கள். நாற்றம் அடிக்கிற குளம்பு என்றால் வெட்டிப்போட்ட துண்டுகளைப் பொறுக்கிக் கொளுத்திவிடுங்கள்.

வெட்டக்கூடாத நொண்டலும் உண்டு

எல்லா நொண்டலும் நகம் வளர்ந்ததால் வருவதில்லை. காய்ச்சல், வாயில் கொப்புளம், எச்சில் ஒழுகுதல், காலிடுக்கில் புண் என்று சேர்ந்து இருந்தால் அது கோமாரி. மழைக்காலத்தில் செம்மறிக்கு முகம் வீங்கி, மூக்கு ஒழுகி, குளம்புக்கு மேல் சிவப்புக் கோடு மாதிரி தெரிந்தால் நீல நாக்கு நோயாக இருக்கலாம். அந்த நேரத்தில் கத்தரியைத் தொடாதீர்கள். ஆட்டைத் தனியாகக் கட்டிவிட்டு கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், அல்லது 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். நம்ம மலையில் டவர் கிடைக்கிற மேட்டைத் தேடிப் போய்த்தான் பேசவேண்டும், என்ன செய்வது. யாரோ சொன்ன ஊசியைக் கடையில் வாங்கி நாமே போடுவது வேண்டாம்.

குளம்பு அழுகல் உள்ள கொட்டடியில், அழுகின பகுதியை மருத்துவர் பார்த்த பிறகு, கால் நனைக்கும் தொட்டி வைக்கலாம். வயலுக்குப் போடுகிற ஜிங்க் சல்பேட்தான் மருந்து. பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ. குளம்பு மூழ்கும் அளவு தண்ணீரில் ஐந்து நிமிடமாவது நிற்கவைத்து, பிறகு காய்ந்த தரையில் விடவேண்டும். மயில்துத்தமும் போடுவார்கள், ஆனால் அதை ஆடு குடித்துவிட்டால் ஆபத்து, செம்மறிக்கு இன்னும் ஆபத்து. எதுவானாலும் மீதித் தண்ணீரை ஓடையில் ஊற்றாதீர்கள், அதே ஓடையில்தான் நாமும் குடம் வைக்கிறோம்.

இந்த மருந்தையெல்லாம்விட முக்கியம் தரை. கொட்டடியைக் கொஞ்சம் மேடாக்கி, தண்ணீர் வடிய ஒரு வாய்க்கால் வெட்டி, சுண்ணாம்புத் தூள் தூவுங்கள். ஆடு ஏறி விளையாட இரண்டு பெரிய சொரசொரப்பான கல்லை உருட்டிக் கொட்டடிக்குள் போடுங்கள். குளம்பு தானாகவே கொஞ்சம் தேயும். பச்சைமலையில் கல்லுக்கா பஞ்சம்?

நாயைப் பற்றியும் கேட்டீர்கள். காவல் நாய் ஓடித் திரிகிறவரை நகம் தேய்ந்துகொள்ளும், வெட்ட வேண்டாம். முன்னங்கால் உள்பக்கம் மேலே தரையில் படாத ஒரு நகம் இருக்கும், கட்டைவிரல் மாதிரி. அது தேயாது. சில நாய்க்கு அது வளைந்து சதையிலேயே குத்திக்கொண்டிருக்கும். அதன் நுனியை மட்டும் நறுக்குங்கள். கறுப்பு நகத்தில் உள்சதை தெரியாது, அதனால் கொஞ்சமாக வெட்டுங்கள். வெறிநாய்த் தடுப்பூசி போடாத நாயின் காலைப் பிடித்து இந்த வேலை செய்ய வேண்டாம். முதலில் ஊசி, அப்புறம்தான் நகம்.

இனி காசுக் கணக்கு

நாங்கள் துறையூரில் வாங்கிய கத்தரியும் அரமும் சேர்த்து அறுநூறு ரூபாய்க்குள் அடங்கியது. ஒரு குழுவுக்கு ஒரு செட் போதும். பன்னிரண்டு பேர் உள்ள குழுவில் ஆளுக்கு ஐம்பது ரூபாய். கத்தரி துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி வைத்தால் பல வருஷம் வரும்.

வெட்டுகிறவருக்குக் கூலி ஆட்டுக்கு இருபது ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆடு, வருஷத்துக்கு ஐந்து தடவை என்றால் நானூறு ரூபாய். ஒரு ஆடு ஒன்பதாயிரத்துக்குப் போகிற இடத்தில், நொண்டி என்று மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால் மூவாயிரம் நஷ்டம். அது ஏழு வருஷக் கூலிக்கும் மேல். குட்டி வத்திப்போனதையும் பால் குறைந்ததையும் இதில் நாங்கள் சேர்க்கவே இல்லை.

ஆனால் இந்தக் கூலி என்று சொன்ன இடத்தில்தான் கூட்டத்தில் சத்தம் வந்தது. "நம்ம குழுவுல இருக்கிறவ, நம்ம அக்கா தங்கச்சி. அவகிட்ட காசு கொடுத்தா வெட்டணும்?" என்று சிலர் கேட்டார்கள். பயிற்சி எடுத்த அந்த அக்காவும் "எனக்கு எதுக்குக் காசு, சும்மா வெட்டித்தாரேன்" என்றுதான் சொன்னார்.

இரண்டு மாதம் சும்மா வெட்டிக்கொடுத்தார். மூன்றாவது மாதம் வரவில்லை. அவருக்குக் கிழங்கு பிடுங்குகிற வேலை இருந்தது, கூலி கிடைக்கிற வேலை. அவரைக் குறை சொல்ல முடியுமா? அந்த மாதம் யார் வீட்டிலும் குளம்பு வெட்டவில்லை.

உழவு மாட்டுக்கு லாடம் கட்ட ஆள் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? மணப்பாறைச் சந்தையில் போய்க் கேளுங்கள், லாடக்காரரிடம் யாராவது "சும்மா கட்டிவிடு அண்ணே" என்று சொல்கிறார்களா? கொஞ்சம் பேரம் பேசுவார்கள், பிறகு கூலியைக் கொடுப்பார்கள். அவர் வேலை தெரிந்த ஆம்பளை, அது தொழில். அதே வேலையைப் பக்கத்து வீட்டுப் பெண் செய்தால் ஒத்தாசை என்கிறோம். ஊரே சிரித்த அந்த நாய்க்கடைப் பெண்ணும் வேலை கற்றுக்கொண்டு கூலி வாங்குகிறவள்தான். கூலி கொடுக்கவேண்டும் என்பதே எங்கள் கருத்து. காசாகத்தான் வேண்டும் என்பதில்லை. கோம்பைப் பக்கம் ஒரு குழுவில் ஆட்டுக்கு ஒரு படி சாமை என்று பேசிக்கொண்டார்கள், வெட்டுகிற சகோதரிக்கும் அது சம்மதம். அவர் அந்த மாதம் யார் வீட்டு ஆட்டை வெட்டினார் என்பதைக் குழு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைக்கிறார்கள்.

கடன் பார்க்க வருகிற நாங்களும் படிவத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: "கால் பார்க்கப்பட்டதா?" இனிமேல் உங்கள் வீட்டுக்கு வந்ததும் முதலில் கொட்டடிக்குத்தான் வருவோம், காபி அப்புறம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள்: உங்கள் குழுவில் எத்தனை ஆடு, அதில் எத்தனை நொண்டுகிறது? கத்தரி யார் பொறுப்பில் இருக்கும்? யார் இரண்டு பேர் பயிற்சிக்கு வருவார்கள்? கூலி எவ்வளவு, காசாகவா தானியமாகவா? முடிவைத் தீர்மான நோட்டில் எழுதி, ஊக்குநர் மூலமாகக் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பயிற்சிக்கு வருகிறவர்கள் தங்கள் ஆட்டில் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். நொண்டாத ஆடாக இருந்தால் நல்லது. ரொம்பத் துள்ளுகிற கிடாவை மட்டும் கூட்டி வராதீர்கள், போன தடவை ஒரு கிடா பாயோடு நோட்டையும் சேர்த்துத் தின்றுவிட்டது.